மிளகாய்த் தேர்வில் முதலிடம் பெற்ற ஒட்டகம்

மிளகாயைக் கடிக்கவைத்து நெருப்புக்குக் காவல்காரன் தேடிய மேதாவி நீதானே? திரும்பிப் பார்க்காதே, உன் பின்னால் யாரும் இல்லை. உன்னைத்தான். உட்கார்ந்து யோசித்து, அதை விதி என்று ஆக்கி, மரப்பட்டையில் நகத்தால் கீறிவிட்டுப் போய்க் குகைக்குள் படுத்துக்கொண்டாயே, அதற்கப்புறம் அந்த விதி என்ன லட்சணத்தில் ஓடுகிறது என்று ஒரு தடவையாவது எட்டிப் பார்த்தாயா? மாட்டாய். விதி எழுதுகிறவனுக்கு வெயில் ஆகாது. அதனால் கதையே உன்னைத் தேடி வந்திருக்கிறது. ஊர் பேர் சொல்லி உன் மானத்தை வாங்கப் போவதில்லை. ஏதோ ஒரு காட்டில் என்று வைத்துக்கொள்வோம்.

அந்த ஒரு காட்டில் ஒரு வேங்கை மரம். அதன் பொந்தில் மரகதம் என்கிற கிளி குடியிருந்தாள். பொந்து அவளுக்குச் சும்மா கிடைக்கவில்லை. அதைக் குடைந்த மரங்கொத்தியிடம் ஒரு பேச்சு, அதற்குள் குடியேறிவிட்ட மைனாக் கும்பலிடம் வேறு பேச்சு, இடையில் புகுந்து எனக்கும் பங்கு உண்டு என்ற உடும்பிடம் பேச்சே இல்லை, நேராக மூக்கில் ஒரு கொத்து. இப்படி வாயாலும் அலகாலும் பிடித்த வீடு அது. அந்த வீட்டுக்குள் இப்போது இறகு முளைக்காத குஞ்சுகள் மூன்று, நாளெல்லாம் வாயைத் திறந்துகொண்டு கிடந்தன.

கோடை வந்தால் அந்தக் காடு தீப்பிடிக்கும். அணைப்பதற்கு யானைகள் இருந்தன, மடு இருந்தது, மடுவில் கொஞ்சம் தண்ணீரும் இருந்தது. ஒரு வருடம் குரங்குகள் பொழுது போகாமல் "தீ! தீ!" என்று கத்திவைக்க, யானைகள் மடுவை உறிஞ்சிக்கொண்டு ஓடி வந்து பச்சைப் புல்லுக்குக் குளிப்பாட்டிவிட்டுப் போயின. மீதிக் கோடை முழுக்கக் காடே நாக்கு வறண்டு கிடந்தது. அப்போது போட்ட சட்டம்தான் இது: காட்டுக்கு ஒரு வெப்பக் காவல் அதிகாரி. அவர் தம் உடம்பில் சூட்டை உணர்ந்து அலறினால் அது தீ. மற்ற எவர் அலறினாலும் அது சத்தம்.

இதுவரைக்கும் சரி. குறை சொல்ல ஒன்றும் இல்லை. அந்த அதிகாரியை எப்படிப் பொறுக்குவது என்று வந்தபோதுதான் உன் மூளை வேலை செய்தது.

காட்டில் முழியப்பர் என்று ஒரு தேவாங்கு. பெரிய படிப்பாளி. ஒவ்வொரு பிராணியின் நரம்புக்குள்ளும் என்ன இருக்கிறது என்று அந்த உருண்டை விழிகளால் உற்றுப் பார்ப்பதே அவருக்கு வேலை. மகாசபையில் அவரைப் பேசச் சொன்னார்கள். அவர் மெதுவாக எழுந்து, மெதுவாகத் தொண்டையைக் கனைத்து, "சூடும் மிளகாயும் நரம்பில் ஒரே கதவைத்தான் திறக்கின்றன" என்றார். அடுத்து "ஆனால்" என்று ஆரம்பித்தார். அதற்குள் கைதட்டல். கழுத்தில் மாலை. தோளில் வாழையிலைப் பொன்னாடை. "ஆனால்..." என்று அவர் மறுபடி வாயெடுத்தபோது சபை கலைந்து சாப்பாட்டுக்குப் போய்விட்டது.

அந்தப் பாதி வாக்கியத்தைத்தானே நீ தூக்கிக்கொண்டு போனாய்? கங்கு வைத்துச் சோதித்தால் தீக்காயம் ஆகும், ஆபத்து. மிளகாய் என்றால் மலிவு, சுத்தம், புதருக்குப் புதர் கிடைக்கிறது. ஒரே கதவுதானே! மிளகாய்க்குத் துள்ளுகிறவன் நெருப்புக்கும் துள்ளுவான். போடு விதியை.

தேர்வு நாளன்று மைதானத்தில் வரிசை. எருமை, கீரி, மான், முயல் எல்லாம் வெயிலில் நின்றன. மரகதமும் நின்றாள். காவல் மேடை அவள் குடியிருந்த வேங்கை மரத்தடியில்தான் அமையும் என்று அறிவிப்பு வந்திருந்தது. தன் வீட்டு வாசலில் நிற்கப்போகிற வேலையைத் தானே பார்த்துவிட்டால் குஞ்சுகளை விட்டு எங்கும் போகவேண்டாம் என்பது அவள் கணக்கு.

தேர்வாணையச் செயலாளர் ஊசிநாதர் ஒரு முள்ளம்பன்றி. அவர் முன்னால் கொட்டாங்குச்சி நிறைய ஊசிமிளகாய். முறை வந்ததும் மரகதம் ஒன்றை எடுத்து வாயில் போட்டாள். மென்றாள். விதையைத் தனியாகப் பிரித்து அதையும் மென்றாள்.

ஊசிநாதர் அவள் முகத்தையே பார்த்தார். "என்னம்மா, எதாவது தோணுதா?"

"தோணுது ஐயா."

"என்ன?"

"இன்னொண்ணு கிடைக்குமா?"

ஊசிநாதர் முட்கள் சிலிர்த்தன. "உணர்ச்சி பூஜ்யம். தள்ளி நில்லு. அடுத்து!"

"ஐயா, இது காலையில நான் சாப்பிடுற பலகாரம். இதை வெச்சு என்ன கண்டுபிடிச்சீங்க? ஒரு கங்கைக் கொண்டாங்க, நான் எவ்வளவு தூரத்துல துள்ளுறேன்னு பாருங்க."

"கங்குக்கு விதியில இடம் இல்ல."

"சரி, கங்கு வேணாம். வெயில்ல காஞ்ச பாறை?"

"பாறைக்கும் இல்ல."

"போகட்டும், சுடுமணல்?"

"இந்தாம்மா, இது சந்தை இல்ல. தேர்வாணையம்!"

அடுத்து நின்றது ஒட்டகம். பெயர் வணங்காமுடி. காட்டோரம் கூடாரம் போட்டிருந்த சர்க்கஸ்காரர்கள், தீனி கட்டுப்படியாகவில்லை என்று விட்டுவிட்டுப் போன பிராணி. நல்ல மனசு, நீளக் கழுத்து, எதைப் பற்றியும் அவசரம் கிடையாது. ஒரு மிளகாயை நாக்கால் வழித்து உள்ளே இழுத்தார். நிதானமாக மென்றார். பிறகு போட்டாரே ஒரு அலறல்! மரத்தில் இருந்த வௌவால்கள் பொத்துப் பொத்தென்று விழுந்தன. கொட்டாங்குச்சி கவிழ்ந்தது. வரிசை சிதறியது. வணங்காமுடி மைதானத்தை மூன்று சுற்றுச் சுற்றி வந்து மடுவில் தலையை விட்டுக்கொண்டார்.

ஊசிநாதருக்குக் கண் கலங்கிவிட்டது. "உணர்ச்சின்னா இதுவல்லவா உணர்ச்சி!" என்றார். முதலிடம், நியமனம், மாலை எல்லாம் அங்கேயே முடிந்தது.

கோடை முற்றியது. வணங்காமுடி வேங்கை மரத்தடியில் சருகு மெத்தைமேல் மடங்கி உட்கார்ந்து அசைபோட்டபடி காவல் காத்தார். தேனெடுக்க வந்த மனிதர்கள் மூங்கில் புதரோரம் ஒரு பந்தத்தை அணைத்துப் போட்டுவிட்டுப் போனார்கள். அணைத்ததாக அவர்கள் நினைத்தார்கள். கங்கு செத்துவிடவில்லை. சருகுக்கு அடியில், மேலே சுடரும் காட்டாமல் புகையும் அதிகம் விடாமல், ஊர்ந்து ஊர்ந்து வேங்கை மரத்தடிக்கு வந்து சேர்ந்தது.

மரகதம் விழுந்த பழம் ஒன்றைப் பொறுக்கத் தரையில் கால் வைத்தாள். வைத்த காலை வைத்த வேகத்தில் எடுத்தாள். இரண்டடி தள்ளி வைத்தாள். அங்கேயும் சுட்டது. பறந்துபோய் ஒட்டகத்தின் திமில்மேல் உட்கார்ந்தாள்.

"வணங்காமுடியண்ணே, கீழ சுடுதண்ணே!"

"எங்க தங்கச்சி?"

"நீங்க உக்காந்திருக்கிற இடம்தான்!"

வணங்காமுடி நெஞ்சைத் தரையில் நன்றாக அழுத்தித் தேய்த்துப் பார்த்தார். யோசித்தார். "இல்லையேம்மா. இதமா இருக்கே. எங்க ஊர் ஞாபகம் வருது."

"அடிவயித்துல முடி கருகுற வாடை வருதுண்ணே!"

"முடிதானே, முளைச்சுக்கும். எனக்கு ஒண்ணும் தெரியலையே. தெரியாம எப்படி அலறுறது? பொய் அலறல் போட்டா வேலை போயிடும்."

ஆள் நேர்மையானவர். அதுதான் அவரிடம் பெரிய தொந்தரவு. திருட்டு அதிகாரியாக இருந்தால் மரகதம் பேரம் பேசியே அலறவைத்திருப்பாள்.

அவள் பொந்தை ஒருமுறை எட்டிப் பார்த்தாள். மூன்று வாயும் திறந்திருந்தன. பறக்க இறகு இல்லை, நடக்கத் தெரியாது, ஒவ்வொன்றாய்த் தூக்கிப் போக அலகும் பற்றாது. அங்கிருந்து நேராக முழியப்பரிடம் பறந்தாள். தேவாங்கு ஒரு கொடியில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு கோபித்துக்கொண்டிருந்தார். பொன்னாடை போர்த்திய நாளிலிருந்து அவர் யாரோடும் பேசுவதில்லை.

"டாக்டரய்யா, அன்னிக்கு 'ஆனால்'னு நிறுத்தினீங்களே, அந்த மிச்சத்தைச் சொல்லுங்க."

"என்னை முழுசாப் பேசவிட்ட ஆள் இந்தக் காட்டுல எவனும் இல்ல. கேக்கிறதானா ஆதியிலேருந்து கேக்கணும்."

"ஆதிக்கு நேரம் இல்லைய்யா. என் புள்ளைங்க வீட்டுக்கடியில நெருப்பு. கால்வாசி சொல்லுங்க."

"முக்கால்."

"பாதி. அதுக்கு மேல ஒரு வார்த்தை கூடாது. குறுக்க பேசமாட்டேன், கைதட்டவும் மாட்டேன்."

கைதட்டமாட்டேன் என்றதும் முழியப்பர் இளகிவிட்டார். நேராகத் தொங்கிக்கொண்டு ஆரம்பித்தார்.

"நரம்போட சுவர்ல ஒரு கதவு இருக்கும்மா. ஒரே மாதிரி நாலு துண்டு, நடுவுல ஒரு துளை விட்டு வட்டமா நிக்கும். நாலு யானை பின்பக்கத்தை ஒண்ணா முட்டிக்கிட்டு நிக்கிறதா நினைச்சுக்கோ. யானைங்க நெருங்கி நின்னா துளை அடைபட்டிருக்கும். கொஞ்சம் விலகினா திறக்கும். திறந்தா வெளியில இருக்கிற உப்புத் துகள் உள்ள பாயும். அந்தப் பாய்ச்சல்தான் 'எரியுது'ன்னு மூளைக்குப் போற சேதி. அந்தச் சேதியில சூடுங்கிறதும் மிளகாய்ங்கிறதும் தனித்தனியா இருக்காது. கதவு திறந்தா எரிச்சல், அவ்வளவுதான்."

"இது அன்னிக்கே சொன்னது. 'ஆனால்' எங்க?"

"குறுக்க பேசமாட்டேன்னியே! வர்றேன். ஒவ்வொரு துண்டும் மணி கோத்த சரம். மடங்கிச் சுருண்டு கிடக்கும். எந்த மணி எங்க இருக்கோ அதைப் பொறுத்துத்தான் மடிப்பு. மடிப்பைப் பொறுத்துத்தான் கதவோட குணம். மடிப்புக்குள்ள ஓரிடத்துல ஒரு சின்னக் குழி. மிளகாயோட காரம் அந்தக் குழியில போய் உக்காந்து இழுத்தா கதவு திறக்கும். உங்க பறவை சாதிக்கு அந்தக் குழியில மணி வேற. காரம் வரும், பார்க்கும், உக்கார இடம் இல்லாம போயிடும். ஆனால், சூட்டுக்கு அந்தக் குழி தேவையே இல்ல. சூடு வந்தா சரமே நெளிஞ்சு கதவைத் திறந்துடும். அந்த வேலை உன் கதவுல ஒழுங்கா நடக்குது."

"ஒட்டகத்துக்கு?"

"குழி கனகச்சிதம். மிளகாய் ஒரு அணு பட்டாலும் திறக்கும். ஆனால், கதவுக்கு உள்பக்கம் தொங்குற பாகத்துல ஒரே ஒரு மணி மாறிப்போச்சு. அதனால நமக்கெல்லாம் திறக்கிற சூட்டுக்கு அந்தக் கதவு அசையாது. பாலைவனத்துக்கு அது நல்ல ஏற்பாடு. வெயில் ஏற ஏற அலறிக்கிட்டிருந்தா பிழைக்கிறது எப்படி?"

"அப்ப அவருக்குச் சூடே தெரியாதா?"

"தோல் வெந்து போற சூட்டுக்கு வேற கதவுங்க இருக்கும்மா. அதுங்க திறக்கும்போது உன் மரம் கரியாயிருக்கும்."

மரகதத்துக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அதற்குச் சூடும் வேண்டாம், மிளகாயும் வேண்டாம். "ஒரே கதவுதான். திறக்கிற வழி ரெண்டு. எனக்கு இந்த வழி, அவருக்கு அந்த வழி. இவனுங்க அந்த வழியில சோதிச்சுட்டு இந்த வழி வேலைக்கு ஆள் வெச்சிருக்கானுங்க!"

"பாதிக்கு மேலயே சொல்லிட்டேன்" என்று முழியப்பர் கண்ணை மூடிக்கொண்டார்.

அவள் ஊசிநாதரிடம் பறந்தாள். மூச்சு வாங்க எல்லாவற்றையும் கொட்டினாள். ஊசிநாதர் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு ஒரு முள்ளை எடுத்துப் பல் குத்தினார்.

"அப்ப தேர்வு தப்புங்கிறே."

"ஆமாய்யா."

"அந்தத் தேர்வுல ஜெயிச்ச அதிகாரி தப்பு."

"அவர் மேல குத்தம் இல்ல. அவரை அங்க வெச்சது தப்பு."

"இந்தாம்மா, நானும் மிளகாய் கடிச்சுத்தான் செயலாளர் ஆனேன். அப்ப நானும் தப்பா?"

'ஆமாம்' என்று சொல்ல மரகதத்துக்கு அலகு துடித்தது. வாழ்க்கையிலேயே முதல் தடவையாக ஒரு பேச்சை விட்டுக்கொடுத்தாள். சொல்லியிருந்தால் இன்னும் நேரம் வீணாகியிருக்கும். "சரி ஐயா, தேர்வை விடுங்க. புகை வாடை வருது. அதுக்காவது யானைங்களைக் கூப்பிடுங்க."

"புகைன்னா அது மூக்கு இலாகா வேலை."

"அது எங்க இருக்கு?"

"இன்னும் அமைக்கல."

கடைசியாக மடுவுக்குப் போனாள். யானைக் கூட்டத்தின் தலைவர் பெரிய கொம்பன், முழங்கால் அளவுத் தண்ணீரில் குட்டிகளை மறைத்துக்கொண்டு நின்றார். அவள் கெஞ்சவில்லை. கெஞ்சினால் விலை ஏறும் என்று அவளுக்குத் தெரியும்.

"பெரியவரே, தீ. வேங்கை மரத்தடி."

"அலறல் கேக்கலையேம்மா. குரங்குப் பயலுக பேச்சைக் கேட்டு ஒருதரம் தண்ணிய விட்டோம். எங்க புள்ளைங்க சேத்தை நக்கினது எனக்கு மறக்கல. அதிகாரி அலறட்டும், வர்றோம்."

"அவர் அலறினா வருவீங்களா?"

"பறந்து வருவோம்."

"எதுக்காக அலறினாலும்?"

கொம்பன் காதை விசிறினார். "காரணம் கேக்கிறது எங்க வேலை இல்ல தாயி. வணங்காமுடி சத்தம் வந்தா தண்ணி. அதுதான் உத்தரவு."

"பேச்சு மாறமாட்டீங்களே?"

"யானைடி நான்!"

"அப்ப தும்பிக்கையை நெரப்பி வெச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டு மரகதம் கிளம்பினாள். வழியில் தேர்வு மைதானத்தில் ஒரு நிமிஷம் இறங்கினாள். கவிழ்ந்த கொட்டாங்குச்சியைச் சுற்றி அன்றைக்குச் சிந்திய ஊசிமிளகாய் வெயிலில் காய்ந்து சிவந்து கிடந்தது. அலகு கொள்கிற மட்டும் அள்ளினாள். மிளகாய்க்குத் துள்ளுகிற எந்தப் பிராணியாலும் அதை வாயில் சுமந்து வந்திருக்க முடியாது. உணர்ச்சி பூஜ்யம் என்று அவளைத் தள்ளி நிற்கச் சொன்ன அதே வாய்.

வேங்கை மரத்தடியில் சருகு ஓரம் கறுக்கத் தொடங்கியிருந்தது. பொந்துக்குள் குஞ்சுகள் சூடு தாங்காமல் கீச்சிட்டன. அந்த நரம்புகளின் கதவெல்லாம் திறந்துவிட்டது, கேட்பாரில்லை. வணங்காமுடி கண்ணைப் பாதி மூடி, தாடையை இடதும் வலதுமாக ஆட்டி அசைபோட்டுக்கொண்டிருந்தார். தாடை இடப்பக்கம் போனபோது வலப்பக்கம் ஒரு இடைவெளி தெரிந்தது. மரகதம் மூக்குக்கு நேராக இறங்கி, அலகில் இருந்த அத்தனையையும் அந்த இடைவெளிக்குள் கொட்டிவிட்டு விலகினாள்.

ஒட்டகம் ஒருமுறை மென்றது.

அந்த அலறலை அந்தக் காடு அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்கவில்லை. "எரியுதே! ஐயோ, எரியுதே!" என்று வணங்காமுடி எழுந்து நின்று நாலு காலாலும் குதித்தார். குதித்த குதியில் சருகு விலகி அடியில் இருந்த கங்கு வெளியே தெரிந்தது. காற்றுப் பட்டதும் சுடர் எழுந்தது. அதற்குள் தரை அதிர்ந்தது. யானைகள் சொன்ன சொல் மாறவில்லை. தும்பிக்கை தும்பிக்கையாய்த் தண்ணீர், மரத்தடியில் பாதி, திறந்திருந்த ஒட்டகத்தின் வாயில் பாதி. ஆவி மேகமாய்க் கிளம்பியது. நெருப்பு சீறி, முனகி, அடங்கியது. பொந்துக்குள் மூன்று குஞ்சுகளும் நனைந்து நடுங்கிக்கொண்டு, உயிரோடு, மறுபடி வாயைத் திறந்துகொண்டிருந்தன.

ஊசிநாதர் மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். சருகைப் பார்த்தார், கரியைப் பார்த்தார், கண்ணில் நீர் வழிய நிற்கும் அதிகாரியைப் பார்த்தார்.

"நெருப்பு தலை காட்டுறதுக்கு முன்னாலயே உணர்ந்துட்டார்! என்ன ஒரு தேர்வு! என்ன ஒரு நியமனம்!"

"அது நெருப்பு இல்லைய்யா" என்றார் வணங்காமுடி, வீங்கிய நாக்கோடு. "மிளகா. யாரோ வாயில போட்டாங்க. சூடு எனக்கு இப்பவும் தெரியல."

"பாருங்க அடக்கத்தை!" என்று ஊசிநாதர் கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார். கூட்டம் கைதட்டியது. தட்டிய சத்தத்தில் அந்த நேர்மையான பிராணி இன்னும் ஏதோ சொன்னது கேட்கவில்லை.

வணங்காமுடிக்கு விழா எடுத்தார்கள். விழாவில் ஒரு தீர்மானமும் போட்டார்கள்: தேர்வு முறை செயலில் நிரூபணம் ஆகிவிட்டபடியால் இனிமேல் வெள்ளக் காவல், பனிக் காவல், இடிக் காவல் எல்லாவற்றுக்கும் மிளகாயே தேர்வு. மரகதம் விழாவுக்குப் போகவில்லை. அவளுக்கு வேலை இருந்தது. வேலை அவளுடையது, பதவி ஒட்டகத்துடையது, மாலை ஊசிநாதருடையது. அவள் எப்போதோ சிந்திய விதையில் முளைத்து வேங்கை மரத்தருகே வாடிக் கிடந்த ஊசிமிளகாய்ச் செடி ஒன்று, யானைகள் விட்ட தண்ணீரில் தழைத்துக் காய்த்துப் புதராகிவிட்டது. தரையில் கால் சுட்டால் ஒரு கொத்தைப் பறிப்பாள், நேரே அதிகாரியின் வாய்க்குப் பறப்பாள். வணங்காமுடியும் இப்போதெல்லாம் அவள் நிழல் பட்டாலே பெருமூச்சு விட்டு, "போடு தங்கச்சி" என்று தானாகவே வாயைத் திறந்துவிடுகிறார். அந்தக் காட்டின் தீயணைப்பு நிலையம் என்பது இன்றைய தேதியில் ஒரு கிளி, ஒரு புதர், ஒரு வீங்கிய நாக்கு.

குஞ்சுகளுக்கு இறகு முளைத்துவிட்டது. நாளைக்கே பறந்துபோகும். அதுகளோடு மரகதமும் போய்விட்டால் அந்த மரத்தடியில் கால் வைத்துப் பார்க்க யார் இருக்கிறார்கள்?

நீதி: எங்கே நெருப்பு என்று அதிகாரியிடம் சொல்லி நேரத்தை வீணாக்காதே, அவருக்கு எதைப் போட்டால் எரியும் என்று தெரிந்துகொண்டு அதைப் போடு. இந்த நீதி கேவலமாக இருக்கிறது என்று மூக்கைச் சுளிக்கிறாயா, விதி எழுதிய மகராசா? அப்படியானால் குகையை விட்டு வெளியே வா. அந்தக் கொட்டாங்குச்சியைத் தூக்கி எறி. ஒரு கங்கை வை. முழியப்பர் "ஆனால்" என்று ஆரம்பித்தால் முடிக்கிறவரைக்கும் கையைக் கட்டிக்கொண்டு கேள். கிளியைக் காவலுக்கு வை, ஒட்டகத்தின் நாக்கை விட்டுத் தொலை. அடுத்த கோடைக்கு முன்னால் செய்.